மூன்று தட்டுகளுக்கு ஒரே கதவு

"ஷெஃப், செவ்வாய் கிரகத்துக்காரன் குட்லண்ட்ஸுக்கு எதுக்கு வரணும்? எனக்கே அங்க போகப் பிடிக்கலை" என்றான் மார்செல்.

ஷெஃப் என்றால் இங்கே மேலதிகாரி, அதாவது நான். மடியில் கிடந்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைநகர் போர்ட் லூயியை விட்டுக் காரில் வடக்கே கிளம்பியதிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன்.

படத்தின் கீழ்ப்பாதியில் கரும்புத் தோட்டம், ஒரு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. மேல்பாதியில் மாலை வானம். அந்த வானத்தில் மூன்று வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொன்றும் கவிழ்த்த கிண்ணம் போல மேலே லேசாகக் குவிந்திருந்தது. உச்சியில் ஒரு சின்ன வளையம். விளிம்பில் ஒரு கறுப்பு வெட்டு. இந்தத் திங்கட்கிழமை இதை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகை, வளையத்தைக் கம்பியில்லாத் தந்தியின் கொம்பு என்றும், வெட்டைத் திறந்திருக்கும் கதவு என்றும் எழுதியிருந்தது. அன்றிலிருந்து தீவில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

இது 1954. பிரான்சில் தினமும் யாராவது ஒருவர் பறக்கும் தட்டைப் பார்க்கிறார். மொரீஷியஸில் பார்த்ததும் லண்டனிலிருந்து கவர்னர் மாளிகைக்குத் தந்தி வந்துவிட்டது. படம் நிஜமா, பொய்யா? நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார் எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட். துப்பறியும் பிரிவில் மூத்தவர்கள் யாரும் தங்கள் பெயரைப் பறக்கும் தட்டுக்குப் பக்கத்தில் பார்க்க விரும்பவில்லை. ஆகவே கோப்பு புதிய சார்ஜென்டான என்னிடம் வந்தது. மார்செல் போலீஸ் டிரைவர். கார் ஓட்டுவது அவன் சம்பளத்துக்குச் செய்வது. என்னைக் கேலி செய்வது இலவசம்.

"மூணு தட்டுக்கும் கதவு ஒரே இடத்துல இருக்கு" என்றேன்.

"ஒரே கம்பெனி வண்டி, ஷெஃப். நம்ம மோரிஸ் காருக்கெல்லாம் கதவு ஒரே இடத்துலதானே இருக்கு?"

அது நியாயமாகப் பட்டது. அடுத்தவர் எது சொன்னாலும் எனக்கு நியாயமாகப் படும். துப்பறிகிறவனுக்கு இது நல்ல குணமில்லை.

என்னைக் குழப்பியது படம் அல்ல. படம் எடுத்தவர் பொய் சொல்லலாம். குட்லண்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கோபாலன் என்பவர் அதை எடுத்திருந்தார். போன வியாழக்கிழமை மாலை எடுத்ததாகச் சத்தியம் செய்கிறார். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமையே, படம் எந்தப் பத்திரிகைக்கும் போகும் முன்பே, கண்ணம்மா என்ற தோட்டத் தொழிலாளி காவல் சாவடிக்கு வந்து தட்டு பறந்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் எப்படி ஒரே பொய்யைச் சொல்ல முடியும்?

குட்லண்ட்ஸுக்கு முன்னால் வரும் பெல் சூர்ஸ் எஸ்டேட் காவல் சாவடியில் கான்ஸ்டபிள் ஜகேசர் எங்களுக்காகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். வானத்தைப் பற்றிய வழக்கு அவருக்கு இதுதான் முதல்.

"அழுதுக்கிட்டே வந்தா, சார்ஜென்ட். தட்டு பறந்துடுச்சு, தட்டு பறந்துடுச்சுன்னு. எங்கேன்னு கேட்டேன். குட்லண்ட்ஸ்லன்னா. எப்போன்னு கேட்டேன். நேத்துன்னா. என்ன நிறம்னு கேட்டேன். தங்கம்னா."

"எவ்வளவு பெரிசுன்னு கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? கட்டைவிரல் நுனியைக் காட்டினா."

"செவ்வாய்க்காரங்க ஒல்லியான ஜனங்க போல" என்றான் மார்செல்.

ஜகேசர் அவனை முறைத்தார். "தூரத்துல பறந்தா சின்னதாத்தான் தெரியும்."

"அழுதது ஏன்?" என்றேன்.

"பயம். வேற என்ன? ஆனா ஒண்ணு, சார்ஜென்ட்." குரலைத் தாழ்த்தினார். "எப்படியாவது அதைத் திருப்பி வாங்கிக் கொடுங்கன்னு என் காலைப் பிடிச்சுட்டா. அப்பத்தான் தலையில கோளாறுன்னு புரிஞ்சுது. அதை மட்டும் நான் எழுதலை. எழுதினா சாட்சி கெட்டுப்போயிரும்."

தட்டைத் திருப்பி வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். எனக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல. ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட. அப்புறம் சீனாக்காரர் கடையில. அப்புறம் ஸ்டூடியோ கோபாலன்கிட்ட. அவரே சனிக்கிழமை வந்து, கண்ணம்மா என்ன புகார் கொடுத்தான்னு கேட்டார். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரிச்சார்."

"கண்ணம்மான்னு பெயர் சொல்லியா கேட்டார்?"

ஜகேசர் யோசித்தார். "ஆமா. பெயரைச் சொல்லித்தான்."

மார்செல் என்னைப் பார்த்தான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேரில் ஒருவர் மற்றவரை அறிந்திருந்தார். அதுவும் சனிக்கிழமை, எந்தப் பத்திரிகையிலும் அவள் பெயர் வருவதற்கு முன்பு.

"அவளை இன்னிக்கே பார்த்துடுங்க" என்றார் ஜகேசர். "நாளைக் காலையில மனநோய் ஆஸ்பத்திரி வண்டி வருது. மாமியார்தான் எழுதிக் கொடுத்துச்சு."

எஸ்டேட் குடியிருப்பில் கடைசி வீடு. வாசலில் அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண்ணம்மாவின் மாமியார் அலமேலு.

"பைத்தியத்தைப் பார்க்க வந்தீங்களா? பின்னால துணி துவைக்குது."

"துணி துவைக்கிற பைத்தியமா இருந்தா எங்க வீட்டுக்கும் ஒண்ணு அனுப்புங்க, மதாம்" என்றான் மார்செல்.

அலமேலு சிரிக்கவில்லை. "என் மகன் ஐயாசாமி சூயஸ்ல பட்டாளத்துல இருக்கான். மூணு வருஷம் கழிச்சு இந்தச் சனிக்கிழமை கப்பல்ல வர்றான். அவன் வர்ற நேரத்துல இவ வாயில வர்ற சொல்லு இருக்கே, அதை நான் திருப்பிக்கூடச் சொல்லமாட்டேன். அதைக் கேட்டுக்கிட்டு அவன் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அவ ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

கண்ணம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். பைத்தியம் போலத் தெரியவில்லை. சொன்னதையே சொல்லிச் சலித்த முகம்.

"என்ன பார்த்தீங்கன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்றேன்.

"நான் எதையும் பார்க்கலை, மிஸ்யே. எத்தனை தடவை சொல்றது? மோ தாலி இன் வொலே."

தீவில் நாங்கள் எல்லாரும் பேசும் பொதுமொழியான கிரியோலில்தான் அவளும் சொன்னாள். நான்கே சொற்கள். நான் சட்டென்று திரும்பினேன்.

"மார்செல், வொலேன்னா என்ன?"

"இது என்ன கேள்வி, ஷெஃப்? வொலேன்னா பறக்கிறது." சற்று நிறுத்தினான். "திருடுறதும் வொலேதான்."

"தாலின்னா?"

"அது உங்க பாஷை. எனக்கெப்படித் தெரியும்?"

"ஜகேசருக்கும் தெரியாது. அவர் வீட்டு போஜ்புரியில சோறு போட்டுச் சாப்பிடுற தட்டுக்குப் பேரு தாலி. கல்யாணத்துல கழுத்துல கட்டுற என் தாலி திருடுபோச்சுன்னு இவங்க சொன்னாங்க. என் தட்டு பறந்துபோச்சுன்னு அவர் கேட்டுக்கிட்டார்."

மார்செல் தொப்பியைக் கழற்றினான். அவன் கேலி செய்யாமல் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு அவள் கழுத்தைக் காட்டினான். "ஆனா ஷெஃப், அந்த மஞ்சள் கயித்துல தொங்குறது என்ன?"

தாலிதான். நானும் பார்த்தேன். என் கண்டுபிடிப்பு அப்படியே சரிந்தது. கழுத்தில் தாலி இருக்கும்போதே தாலி போய்விட்டது என்கிறாள். ஜகேசர் தட்டு என்று நினைத்ததில் என்ன தப்பு? ஒருவேளை மாமியார் சொல்வதுதான் சரியோ?

"இது என்னோடது இல்ல" என்றாள் கண்ணம்மா. "இது பித்தளை. நாலு நாள் வேர்வைக்கே கறுத்துப்போச்சு. என்னோடதுல ஒரு வெட்டு இருக்கும். போன வருஷம் கரும்பு வெட்டுறப்போ கத்தி நழுவுச்சு. நெஞ்சுல விழ வேண்டியது தாலியில விழுந்துச்சு."

"அப்படி ஒரு வெட்டை நான் பார்த்ததே இல்லையே" என்றாள் அலமேலு.

"உங்களுக்குக் காட்டலை, மாமி. வெட்டுப்பட்ட தாலி, அபசகுனம்னு சொல்வீங்கன்னு ரவிக்கைக்குள்ளயே வெச்சிருந்தேன்."

ஆக, அந்த வெட்டைப் பார்த்த சாட்சி யாருமில்லை. வேறு வழி தெரியாமல், வந்த வேலையையாவது முடிப்போம் என்று புகைப்படத்தை அவளிடம் நீட்டினேன். தீவு முழுவதும் பார்த்த படத்தை, அதற்குச் சாட்சி என்று பெயர் போட்டவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

அவள் கரும்பைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைப் பார்க்கவில்லை. நடுத்தட்டின் விளிம்பில் இருந்த கறுப்பு வெட்டின் மேல் ஈர விரலை வைத்தாள்.

"என் தாலியை வானத்துல யாரு தொங்கவிட்டது?"

படத்தைத் திருப்பி வாங்கி அவள் கழுத்தில் இருந்த பித்தளைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே குவிந்த பொட்டு. அதே வளையம். படத்தில் இருந்த மூன்றிலும் கூடுதலாக அந்த வெட்டு, ஒரே இடத்தில், ஒரே சாய்வில். மூன்று தட்டுகளும் ஒரே கம்பெனி வண்டிகள் அல்ல. மூன்றும் ஒன்றே.

"கோபாலன் ஸ்டூடியோவுக்குப் போனீங்களா?"

"போன வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர் வந்ததும் கொடுக்க ஒரு படம் எடுக்கலாம்னு. மஞ்சள் கயிறு படத்துல நல்லா விழாது, ஸ்டூடியோ சங்கிலியில கோத்துப் போட்டுக்கன்னு கோபாலன் சொன்னார். முதல்ல சங்கிலியைக் கழுத்துல போட்டுக்கிட்டேன், அப்புறம்தான் கயித்தைக் கழட்டினேன். கழுத்து வெறுமையா இருக்கக்கூடாதில்ல. படம் எடுத்து முடிஞ்சதும் அவரே திரும்பக் கயித்துல கோத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மஞ்சள் பூசுறப்போதான் வெட்டைக் காணோம்."

"உடனே மாமியார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா. தாலி போச்சுன்னு வாசல்ல நின்னு சொன்னா" என்றாள் அலமேலு. கீரை அவள் கையில் அப்படியே இருந்தது. "நான் அவ வாயைப் பொத்தினேன்."

காருக்குத் திரும்பும்போது மார்செல் கேட்டான். "ஒண்ணு புரியலை, ஷெஃப். திருடினவன் திருட்டுப் பொருளை ஒளிச்சு வைப்பான். பத்திரிகையிலயா போடுவான்?"

"இவங்க சாவடிக்குப் போனது அவனுக்குத் தெரிஞ்சுது. என்ன புகார்னு பயந்து கேட்கப் போனான். தட்டு பறந்துச்சாம்னு ஜகேசர் சொன்னதும் சிரிச்சான். ஏன்னா அவன் தமிழன். தாலியும் தெரியும், வொலேயும் தெரியும். ஆனா என்னிக்காவது தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் அந்தப் புகாரைக் கேட்டுட்டா? அதுக்குள்ள தட்டு நிஜமாவே பறந்திருக்கணும். அதுக்குத்தான் படம். புகார் கொடுத்தவளைச் சாட்சியா மாத்திட்டான், மார்செல். சாட்சி சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா பைத்தியம்னு தானா பேர் வந்துடும்."

"அதுக்கு அந்தத் தாலியையே தொங்கவிடணுமா? ஒரு பித்தான் கிடைக்கலையா அவனுக்கு?"

அது எனக்கும் தெரியவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பிடிக்கலாமா? சோதனை போட ஆணை வாங்கிக்கொண்டு வருவதற்குள் நகை உருகி மோதிரமாகிவிடும். ஒருவேளை ஏற்கெனவே ஆகியிருக்கலாம்.

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணம்மா உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் அலமேலு.

"நானும் வர்றேன்" என்றாள் அலமேலு. "பொய்யா இருந்தா அதையும் நானே பார்க்கணும்."

குட்லண்ட்ஸ் சந்தைத் தெருவில் ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு படம் நடுநாயகமாக இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குத் தேநீர் ஊற்றுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே மரு.

"இரட்டைப் பிள்ளைங்களா?" என்றான் மார்செல்.

"ஒரே ஆள். பாதியை மறைச்சுக்கிட்டு ஒரே நெகட்டிவ் பிளேட்டுல ரெண்டு தடவை எடுக்கிறது. கறுப்புத் துணிக்கு முன்னால வெச்சா எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கலாம்."

"தன்னோட வித்தையை வாசல்ல மாட்டி வெச்சிருக்கான். தைரியசாலி."

பெண்கள் இருவரையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனோம். கோபாலன் சட்டைப் பையில் பட்டுக் கைக்குட்டையும் உடம்பெல்லாம் ஓடிகொலோன் வாசனையுமாக வரவேற்றார். லண்டன் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் பொய் சொல்லத் தெரியாதவன். ஆகவே என்னிடம் உண்மையாகவே நிறைய இருப்பதையே பயன்படுத்தினேன். தயங்கினேன்.

"மிஸ்யே கோபாலன், எனக்குச் சொல்லவே கூச்சமா இருக்கு. மூணுலயும் கதவு ஒரே பக்கம் இருக்கிறதால லண்டன்ல சந்தேகப்படலாம். கதவு மறுபக்கம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம் இருந்திருந்தா எவனும் வாய் திறக்க முடியாது. அன்னிக்கு வேற பிளேட் எதுவும் எடுக்கலைன்னு எழுதிடட்டுமா?"

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "எழுதாதீங்க. இன்னொரு பிளேட் இருக்கு. கழுவாம வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் உட்காருங்க, கழுவிக் கொண்டுவர்றேன்."

உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மார்செல் சுவரில் மாட்டியிருந்த இரவல் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். முன்பக்கம் மட்டும்தான் இருந்தது; முதுகில் நாடா. "ஷெஃப், இந்தக் கடையில எதுவுமே முழுசா இல்ல" என்றான்.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே இன்னொரு பிளேட் இருந்துவிட்டால்? நாளைக் காலை வண்டி வரும். அவளை ஏற்றிக்கொண்டு போகும். நான் தட்டு நிஜம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அப்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் 'டக்'.

"தண்ணியில படம் கழுவுறப்போ அப்படிச் சத்தம் வருமா?" என்றான் மார்செல்.

"வராது. அது காமிராவோட சத்தம்."

மார்செல் அரைக் கோட்டோடு போய்த் தோளால் ஒரு இடி இடித்தான். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

இருட்டாக இருக்க வேண்டிய அறையில் பெரிய விளக்கு எரிந்தது. அதன் எதிரே கறுப்பு வெல்வெட் துணி. துணிக்கு முன்னால் ஒரு நூலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தங்கப் பொட்டு. விளிம்பில் வெட்டு. முகம் திருப்பிக் கட்டியிருந்ததால் வெட்டு இப்போது மறுபக்கம் இருந்தது. லேசாகச் சுழன்றது.

கோபாலன் முதலில் சுதாரித்தார். "இது பழைய நகை. ஒருத்தர்கிட்ட வாங்கினது."

"எப்போ?"

"போன வருஷம்."

"நல்லது" என்றேன். "போன வருஷம் வாங்கினது போன வியாழக்கிழமை வானத்துல எப்படிப் பறந்துச்சு? ஒண்ணு, இது பறக்கும் தட்டு. அப்போ லண்டனுக்குப் போகணும். இல்ல, இது கண்ணம்மாவோட தாலி. அப்போ நீங்க போகணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"இரவல் கொடுக்க வெச்சிருந்த பித்தளைத் தாலியைக் கோத்துக் கொடுத்துட்டு இதை வெச்சுக்கிட்டேன். படத்துக்கு முதல்ல பித்தானைத்தான் தொங்கவிட்டேன். பித்தான் மாதிரியே விழுந்துச்சு. இதுதான் உயிரோட விழுந்துச்சு. திங்கக்கிழமையே உருக்கியிருப்பேன். பத்திரிகைக்காரன் இன்னொரு படம் கேட்டான்."

மார்செல் போய்ப் பெண்களை அழைத்து வந்தான். கண்ணம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அலமேலுதான் உள்ளே வந்தாள். நூலில் தொங்கியதைக் கையில் ஏந்தி, விளக்கின் பக்கம் திருப்பி, வெட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஆழமான வெட்டு. பொட்டின் பாதிவரை போயிருந்தது.

"இவ்வளவு ஆழமாவா பட்டுச்சு?" என்று மருமகளிடம் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

கண்ணம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

அலமேலு என் பக்கம் திரும்பினாள். "இதைக் கட்டிவிடலாமா, தம்பி?"

நான் பயந்த கேள்வி அதுதான். திருட்டுப் பொருள் வழக்குச் சான்று. முத்திரை வைத்துப் போர்ட் லூயிக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கு முடிய எத்தனை மாதமாகுமோ. சனிக்கிழமை துறைமுகத்தில் கண்ணம்மா கறுத்த பித்தளையோடு நிற்பாள். விதி எனக்குத் தெரியும். விதி தெரியாமல் மீறுகிறவனை மன்னிக்கலாம். நான் அந்த வகையிலும் சேரமாட்டேன்.

மடியில் கிடந்து கசங்கிப் போயிருந்த புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன்.

"கட்டுங்க" என்றேன். "சான்று எங்கிட்ட இருக்கு."

நூலைப் பார்த்தாள் அலமேலு. கறுப்பு நூல். முகத்தைச் சுளித்தாள். "மஞ்சள் கயிறு வேணும்."

"ஷெஃப், போலீஸ் வேலையில நான் இதுவரைக்கும் மஞ்சள் வாங்கினதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே மார்செல் சந்தைக்கு ஓடினான். கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை. முதுகில் நாடா ஆடியது.

மேசைமேல் இருந்த தொலைபேசியில் போர்ட் லூயியைக் கேட்டேன். இணைப்பு கிடைப்பதற்குள் மார்செல் திரும்பி வந்துவிட்டான். எதிரே, படம் எடுக்க வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ளும் கண்ணாடியின் முன்னால் கண்ணம்மா குனிந்து உட்கார்ந்திருந்தாள். அலமேலு புதுக் கயிற்றை அவள் கழுத்தில் சுற்றி முதல் முடிச்சைப் போட்டாள். பித்தளை இன்னும் கழுத்தில்தான் இருந்தது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் அதை அறுத்து எடுத்தாள். கண்ணம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையால் வெட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாகலிங்கமா?" சூப்பரிண்டெண்டெண்டின் குரல் கம்பியில் இரைந்தது. "என்ன ஆயிற்று? நிஜமா, பொய்யா?"

"படம் பொய், சார். பொருள் நிஜம். மூன்று இல்லை, ஒன்றுதான். கைப்பற்றிவிட்டோம்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"கைப்பற்றிவிட்டீர்களா? யாருடையது? ரஷ்யாவா, அமெரிக்காவா?"

"கண்ணம்மாவுடையது, சார்" என்றேன். "திருப்பிக் கொடுத்துவிட்டோம்."